மானிப்பாய் மருத்துவர்



மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் வினா இன்றும் நம்மிடையே எழுகின்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னரே அதனைச் செய்து காட்டியவர் ஓர் அமெரிக்கர். டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பது அவர் பெயர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்த அவர், 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். சில காலம் வட்டுக்கோட்டையில் இருந்தார். பின்னர் மானிப்பாயில் நிலைபெற்றார். நோயாளிகளைக் கவனித்ததோடு, 1848 முதல் உள்ளூர் இளைஞர்க்கு ஆங்கிலத்தில் மருத்துவமும் கற்பித்து வந்தார்.

இடையில் தாயகம் சென்றவர் 1862இல் மீண்டார். அப்போது அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் பலர் நல்ல ஊதியம் நாடி ஊரை விட்டுச் சென்றனர். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். ஆகவே 1864இல் தமிழ் வகுப்பைத் தொடங்கினார். மாணவர்க்கு இது உவப்பாக இல்லை. தமிழில் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா என்று அஞ்சினர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை, வயிறும் உண்டல்லவா? ஆயினும் கிரீன் பின்வாங்கவில்லை.

பாடம் சொல்ல நூல் வேண்டும். மாணவர்களின் துணையோடு அவரே நூல்களை ஆக்கினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. முந்நூறு பக்கச் சிறு நூல்கள் அல்ல. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேலாகும். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவார். அடுத்து வடமொழியை நாடுவார். இரண்டிலும் கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைவித்துக் கொள்வார். இவ்வாறே 1875இல் வந்த வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் அமைந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் இப்பெயரைக் கேட்டு நானும் நகைத்ததுண்டு. பின்னர் வகுப்பிலே, ஒரு சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் கரும்பலகையின் முன் வாளா நின்ற அன்று அந்நகைப்பு அடங்கிவிட்டது.

1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் ஓயவில்லை. மாணவர்களின் மொழிபெயர்ப்புகளைக் கடல் கடந்து பெற்றுத் திருத்தி வந்தார். 1884இல் வூஸ்டரில் மறைந்தார். தமிழர்க்குத் தொண்டாற்றிய மருத்துவ ஊழியர் என்னும் குறிப்பு, அவர் விரும்பியவாறே, அங்குள்ள அவரது கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.