மலையேறிய தலைமை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலை அடங்கிய இந்தப் பழங்குடியினர் தனிச் சட்டமன்றத் தொகுதியில் 2013 இடைத்தேர்தலில் சரோஜா வென்றார். 2016, 2021 தேர்தல்களில் சித்ரா வென்றார். தலைமைக்கு வர நினைக்கும் மலைக்கிராமத்துச் சிறுமிக்குக் கண்முன் இதைவிட நல்ல பாடம் ஏது?

சட்டமன்றம் மட்டுமல்ல, ஊராட்சியிலும் வழி உண்டு: ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும். கிருஷ்ணகிரி மாவட்டம் கே.என்.தொட்டியில் கல்லூரி மாணவி சந்தியா ராணி அந்த வயதிலேயே 2020-இல் தலைவரானார். உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கே என்ற தமிழகச் சட்டம் 2016-இல் வந்தது.

இப்படித் தலைமை ஏற்கும் பயிற்சிக்குத் தனி வகுப்பு தேட வேண்டியதில்லை. கிராம சபையில் குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு பெண் எழுந்து கேட்பதையும், தலைவர் வரவு செலவை வாசிப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

ஆகஸ்ட் 15-இல் கிராம சபை கூடும்போது உங்கள் மகளையும் அழைத்துச் செல்லுங்கள்.