செஸ் பயிற்சியில் மதிப்பெண்ணும் வேகமும்

(கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இன்று நம் வீடுகளில் பல குழந்தைகள் கணினியில் செஸ் புதிர்கள் போடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் புள்ளி இறங்கியதும் அழுது, ஆட்டத்தையே வெறுக்கும் குழந்தைகளையும் பார்க்கிறேன். "இன்று எத்தனை பாயிண்ட்?" என்று தினமும் கேட்கும் பெற்றோர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தப் புள்ளி எப்படி வருகிறது? லீசெஸ் போன்ற தளங்களில் ஆட்டக்காரருக்கு இருப்பதுபோல் புதிருக்கும் ஒரு தர எண் உண்டு. விடை கண்டால் நம் எண் ஏறும், புதிரின் எண் இறங்கும்; தவறினால் நேர்மாறு. நமக்கு ஏற்ற அடுத்த புதிரைத் தேர்ந்தெடுக்க அது ஒரு அளவுகோல், அவ்வளவே. நான் பௌதிகம் படித்தவன். தெர்மாமீட்டரை உதறினால் பாதரசம் இறங்கும், ஜுரம் இறங்காது.

அடுத்தது வேகம். 2018-ல் செஸ்.காம் தளத்தில் 'பஸில் ரஷ்' வந்தது. 3 அல்லது 5 நிமிடங்களில் எத்தனை புதிர் முடியும் என்ற போட்டி. 3 தவறு செய்தால் ஆட்டம் முடிந்தது. கடிகாரம் துரத்தும்போது குழந்தை எதிராளியின் பதிலை யோசிப்பதில்லை. கண்ணில் பட்ட 'செக்'கை வைத்துப் பார்க்கிறது. பலித்தால் புள்ளி ஏறுகிறது, கற்றுக்கொண்டதோ ஊகம். மேலும், புதிர் என்றாலே அதில் வெற்றி வழி உண்டு என்று முன்பே தெரியும். நிஜ ஆட்டத்தில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள்.

வேகமே கூடாது என்பதல்ல. 1973-ல் சேஸ், சைமன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதியதைப் பாருங்கள். உண்மையான ஆட்ட நிலையைச் சில விநாடிகள் பார்த்தே வல்லுநர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். தாறுமாறாக வைத்த காய்களில் அந்தத் திறமை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பழகிய அமைப்புகளை அடையாளம் காண்பதால் வருவதே வேகம். ஸ்வீடனின் ஹான்ஸ் டிக்கானென் ஒரே புதிர்த் தொகுப்பைப் பலமுறை, சுற்றுக்குச் சுற்று வேகம் கூட்டிப் பழகினார். 2010-ல் 7 வாரங்களுக்குள் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான 3 நார்ம்களையும் பெற்றார். வர்ணத்தை முதல் காலத்தில் பழகிய பிறகுதானே இரண்டாம் காலம்?

ஆகவே என் யோசனை: தினம் 10 புதிர்கள் போதும், கடிகாரம் வேண்டாம். காயை நகர்த்துமுன் எதிராளியின் சிறந்த பதிலை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தவறியவற்றை நோட்டில் குறித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் போடட்டும். வேகப் போட்டி ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக இருக்கட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் பாயிண்டைக் கேட்காதீர்கள். "எதிராளி என்ன ஆடுவான்?" என்று கேளுங்கள்.