ஷார்ஜாவும் கோவையும்: நான்கு மணி நேரத்தின் கணக்கு

 

நம் மஹல்லாவில் ஒருவர் மௌத்தானதும் எழும் முதல் வினா, "வெளிநாட்டிலுள்ள மகன் எப்போது வந்து சேர்வார்?" என்பதே. "ஷார்ஜாவிலிருந்து நான்கு மணி நேரம்தானே!" என்று எவரேனும் விடை கூறுவர். அந்த ஒரு சொல்லைக் கொண்டு நல்லடக்கத்தின் நேரத்தைக் குறிக்க இயலுமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

பீளமேடு விமான நிலையத்திற்கும் ஷார்ஜாவிற்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 2,770 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குக் கோவை எக்ஸ்பிரஸில் செல்ல ஏழு மணி நேரத்திற்கு மேல் ஆகின்றது. ஆகவே அரபு நாடு நமக்கு அண்டை வீடு போலத் தோன்றுவது இயல்பு. ஆனால் இது காந்திபுரத்துப் பேருந்து அன்று; நினைத்தபோது ஏறிவிட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. தந்தை ஃபஜ்ரு வேளையில், ஐந்து மணிக்கு மௌத்தாகிறார் என்று கொள்வோம். மகனுக்குக் கிடைத்த நேரடி விமானம் அங்கு இரவு 10 மணிக்குப் புறப்படுகின்றது. நம் கடிகாரம் ஒன்றரை மணி முந்தியது. எனவே இங்கு அப்போது 11.30. மகன் பீளமேட்டில் இறங்குவது மறுநாள் அதிகாலை 3.30. நான்கு மணி நேரப் பயணத்திற்காக ஜனாஸா இருபத்திரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்! ஜனாஸாவை விரைவுபடுத்துமாறு நபிமொழி ஏவியிருக்க, குளிர்பெட்டியை நம்பி நாளைக் கடத்துவது உகந்ததன்று என்பதே நம் கருத்து.

கொச்சி வழியையும் பார்க்க வேண்டும். துபாயிலிருந்து நெடும்பாசேரிக்கு விமானங்கள் மிகுதி. நண்பகல் 12 மணிக்குப் புறப்படும் விமானம் ஒன்று கிடைத்தால், நம் நேரப்படி மாலை 5.30க்கு இறங்கலாம். குடியேற்றச் சோதனை முடிய ஒரு மணி நேரம். பின்பு திருச்சூர், பாலக்காடு, வாளையார் வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். இரவு 10.30க்குள் மகன் வீடு சேர்ந்துவிடுவார். ஐந்து மணி நேரம் மிச்சமாகின்றது. குதிரான் சுரங்கப்பாதை 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்டபின் அந்த மலைப்பகுதியின் நெரிசல் தணிந்திருப்பதும் நமக்கு உதவி.

ஆகவே தொலைபேசியில் "எப்போது வருவீர்கள்?" என்று கேட்பது போதாது. பாஸ்போர்ட் கையில் உள்ளதா, டிக்கெட் உறுதியாகிவிட்டதா, எந்த நிலையத்தில், இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்று கேட்க வேண்டும். சவூதியில் பணிபுரிவோர்க்கு வெளியேறித் திரும்பும் விசாவும் தேவை. இவற்றிற்கு விடை வந்த பின்னரே இமாமிற்கும் கபர் தோண்டுவோருக்கும் நேரம் சொல்லலாம்.

வர இயலாத மகனின் மனம் படும் பாட்டை நாம் அறிவோம். ஷாஃபிஈ வழியில் காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு இடமுண்டு. ஹனஃபீ வழியில் இல்லை. எந்த வழியினராயினும், விடுமுறை கிடைத்து ஒரு மாதம் கழித்து வந்தாலும், தந்தையின் கபரருகே நின்று துஆச் செய்யத் தடையேதும் இல்லை.