மீட்டர் சொன்னது பாதி, பல்பு சொன்னது மீதி

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் படிக்கும்போது சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டம். 2019-லிருந்து தென்காசி மாவட்டம். மாவட்டம் மாறினாலும் கடல் நமக்குக் கிட்டே வந்துவிடவில்லை. இங்கே தறிச் சத்தம் உண்டு, பூ மார்க்கெட் உண்டு, ஆடித்தபசுக் கூட்டம் உண்டு. அலைச் சத்தம் கேட்க வேண்டுமானால் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏற வேண்டும். படகு மோட்டாரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நம் செயலாளர், "ஏம்ப்பா, நம்ம ஊர்ல போய் படகா?" என்று சிரித்தார். "கிணத்து மோட்டாருக்கும் இதே கதைதான் அண்ணே" என்று சொல்லித்தான் பத்து நிமிஷம் வாங்கியிருக்கிறேன்.

படகின் பின்பலகையில் வெளியே மாட்டியிருக்கும் எஞ்சினுக்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். சிறிய மோட்டாரைக் கையாலேயே தூக்கிவிடலாம். பெரிய மோட்டாரைத் தூக்க ஒரு ஏற்பாடு உண்டு. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் ஒன்று எண்ணெய்ப் பம்பைச் சுற்றும். அந்த எண்ணெய் அழுத்தத்தில் ஒரு சிலிண்டர் நீண்டு எஞ்சினைத் தூக்கும், சுருங்கி இறக்கும். ஓடும்போது கோணத்தைக் கொஞ்சம் மாற்றுவது ட்ரிம். கரை வரும்போது புரொப்பல்லர் மணலில் இடிக்காமல் முழுக்கத் தூக்குவது டில்ட். இரண்டுக்கும் ஓட்டுபவரின் கட்டைவிரலுக்கு அடியில் ஒரே சுவிட்ச்தான்.

அந்தச் சுவிட்ச் நேராக மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பதில்லை. சிவப்பு வயரில் பேட்டரி கரண்ட் சுவிட்சுக்கு வருகிறது. மேலே அழுத்தினால் ஒரு ரிலே, கீழே அழுத்தினால் இன்னொரு ரிலே 'டிக்' என்று இழுக்கும். ரிலேதான் பெரிய கரண்டை மோட்டாருக்கு அனுப்பும். இவ்வளவுதான் வயரிங். இதில்தான் நான் சறுக்கினேன்.

2023 மே மாதம். தூத்துக்குடிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். மோட்டார் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சுவிட்சை அழுத்தினால் ரிலேயில் சத்தமே இல்லை. எஞ்சின் பக்கவாட்டில் இருக்க வேண்டிய இரண்டாவது சுவிட்ச் எப்போதோ உடைந்து கழற்றப்பட்டிருந்தது.

நான் ரிலேக்கு வரும் வயரைக் கழற்றி, டிஜிட்டல் மீட்டரை வைத்து, "அழுத்துங்க அண்ணாச்சி" என்றேன். 12.3 வோல்ட். மற்ற வயரிலும் அதே 12.3. "சுவிட்ச் நல்லாருக்கு, ரிலேதான் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன். ரிலே செட் வெளியூரிலிருந்து வர வேண்டும். வர 11 நாள் ஆனது. கோடை விடுமுறையில் 11 நாள் படகு கரையில் கிடந்தது. ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். அதற்கான பணம் அந்த மே மாதத்தில்தான் வர வேண்டும்.

புது ரிலே வந்தது. மாட்டினேன். சத்தமே இல்லை!

பக்கத்தில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் ஒரு பெரியவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, ரெண்டு ரிலேயும் ஒரே நாள்லயா சாகும்? ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாத்தீங்களா?" என்றார். பிறகு தன் பையிலிருந்து இரண்டு வயர் சாலிட்ரிங் செய்த ஒரு பார்க்கிங் லைட் பல்பை எடுத்தார். ஒரு முனை அதே ரிலே வயரில், மறுமுனை எர்த்தில். "அழுத்துங்க." பல்பு எரியவில்லை. அதே இடத்தில் மீட்டர் 12.3 காட்டுகிறது.

சுவிட்சைப் பிரித்தோம். சிவப்பு வயர் வந்து சேரும் தகட்டில் பச்சைக் களிம்பு.

மீட்டர் பொய் சொன்னதா என்றால், இல்லை. நான்தான் கேள்வியைத் தவறாகக் கேட்டேன். ரிலேச் சுருளின் தடை 20 ஓம், களிம்பின் தடை 200 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 220 ஓம். 12 வோல்ட்டில் சுருளுக்குக் கிடைப்பது சுமார் 1.1 வோல்ட். ரிலே எப்படி இழுக்கும்? ஆனால் டிஜிட்டல் மீட்டரின் தடை சாதாரணமாக 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். அதன் முன்னால் 200 ஓம் தூசு. அதனால் அது முழு வோல்ட்டையும் காட்டிவிட்டது. இது முதல் வருஷத்துப் பாடம். ஓம் விதியை எழுதி மார்க் வாங்கினேன். கடற்கரையில் அதை மறந்து நின்றேன்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் பேட்டரி முனைகளும் ஃபியூசும். பிறகு காது: ரிலேயில் 'டிக்' கேட்டால் கோளாறு பெரும்பாலும் ரிலேக்கு அந்தப் பக்கம், அதாவது ரிலேயின் காண்டாக்ட், மோட்டார், எர்த். கேட்காவிட்டால் இந்தப் பக்கம், அதாவது ஃபியூஸ், சுவிட்ச், வயர், அல்லது ரிலேச் சுருள். ஒரு திசையில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்தத் திசைக்கான வயரையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். இரண்டு திசையும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவானதை முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்து பல்பு. கடைசியாக, சுவிட்சின் சிவப்பு வயரையும் 'மேலே' வயரையும் ஒரு துண்டு வயரால் ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம். மோட்டார் ஏறினால் குற்றவாளி சுவிட்ச்தான். ஆனால் பெட்ரோல் வாடை இருந்தால் தொடவே கூடாது, பொறி பறக்கும். எஞ்சினுக்குக் கீழே கையும் ஆளும் இருக்கக் கூடாது. வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்தபிறகு சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் பதற வேண்டாம். பொதுவாக இந்த ஏற்பாட்டில் கையால் திறக்கும் ஒரு ரிலீஸ் திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் ஆட்கள் சேர்ந்து எஞ்சினைத் தூக்கிவிடலாம்.

களிம்பைச் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டுவது நீண்ட நாள் தாங்காது. சுவிட்சையே மாற்றிவிடுவது நல்லது. வயர் இணைப்புக்கு வெறும் இன்சுலேஷன் டேப் போதாது. சூடாக்கினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் குழாய் போட வேண்டும்.

நம்ம ஊரில் உப்புக் காற்று இல்லை. ஆனால் தறிக் கூடத்தில் பஞ்சுத் தூசி இருக்கிறது. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் கருகிய காண்டாக்ட் இருக்கிறது. அங்கேயும் மீட்டர் கரண்ட் இருப்பதாகக் காட்டும், மோட்டார் ஓடாது. காயில் கட்டுவதற்கு முன் அந்தக் காண்டாக்டை ஒருதரம் பாருங்கள்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. களிம்பைப் பார்த்த அந்த நிமிஷம் என் வாயில் ஒரு வாக்கியம் வந்து நின்றது: "ரிலேயும் போயிருந்துச்சு அண்ணாச்சி, சுவிட்சும் போயிருந்துச்சு." சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய ரிலே நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். ரிலே விலையை நான் கொடுத்தேன். அண்ணாச்சி முதலில் வாங்க மறுத்தார், அப்புறம் வாங்கிக்கொண்டார். அந்த 11 நாளை மட்டும் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அதே வருஷம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் அண்ணாச்சியின் படகும் தெருத்தெருவாகப் போனது. முழங்கால் தண்ணீர் வந்தால் மோட்டாரைத் தூக்க வேண்டும், ஆழம் வந்தால் இறக்க வேண்டும். பிறகு போனில், "சுவிட்ச் மக்கர் பண்ணல தம்பி" என்றார். அதுவரை என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி தங்கைகளே, நல்ல மீட்டர் வாங்குங்கள். கூடவே பையில் ஒரு பல்பும் வைத்துக்கொள்ளுங்கள். தவறு நம்முடையது என்று தெரிந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.