கணக்கைக் காட்டு, கூட்டிப் பார்க்கும்படி காட்டு!

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசாங்கக் கணக்கைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு நமக்கெதற்கு, கூலி வந்தால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். 2020 ஊரடங்கில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் எத்தனை பேர் இறந்தார்கள், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று அவ்வாண்டு செப்டம்பர் 14 அன்று மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட விவரம் வைத்திருக்கவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். செத்தவன் கணக்கில் ஏறவில்லை. ஏறாதவன் குடும்பத்துக்குக் காசும் இல்லை.

இது கணக்கே எழுதாத கதை. எழுதிய கணக்கையும் யாரும் சேர்த்துப் பார்க்க முடியாமல் வெளியிடும் கதை ஒன்று உண்டு. அதைத்தான் இன்று விரிவாகச் சொல்கிறேன்.

2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை பத்திரம் வாங்கி, வேண்டிய கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் யார் என்று பொதுமக்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இது செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2019 ஏப்ரல் 12 முதல் பத்திரம் வாங்கியவர் யார், பணம் பெற்ற கட்சி எது என்று வெளியிட உத்தரவிட்டார்கள்.

வங்கி என்ன சொன்னது? வாங்கிய விவரம் ஓரிடத்தில் இருக்கிறது, பணமாக்கிய விவரம் வேறிடத்தில் இருக்கிறது. பத்திரங்கள் 22,217, இரு பக்கமும் சேர்த்து 44,434 பதிவுகள். ஒப்பிட்டுப் பார்க்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது. அதற்குள் மக்களவைத் தேர்தலே முடிந்துவிடும்! மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்று 337 பக்கம்: யார், என்றைக்கு, எவ்வளவுக்கு வாங்கினார்கள். மற்றது 426 பக்கம்: எந்தக் கட்சி, என்றைக்கு, எவ்வளவு பெற்றது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது மட்டும் இரண்டிலும் இல்லை.

தோழர்களே, இந்த வித்தை ரயில்வே குமாஸ்தாவுக்குச் சட்டென்று பிடிபடும். பார்சல் ஏறும் ஸ்டேஷனில் ஒரு புத்தகம், இறங்கும் ஸ்டேஷனில் ஒரு புத்தகம். இரண்டையும் இணைப்பது ரசீது எண். அந்த எண்ணை விட்டுவிட்டு, அங்கே ஐம்பது மூட்டை ஏறியது, இங்கே ஐம்பது மூட்டை இறங்கியது என்று எழுதினால் அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் மூட்டை காணாமல் போனால் எந்தப் புத்தகத்தைக் காட்டிக் கேட்பீர்கள்?

பத்திரத்திலும் எண் இருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத எண். 2018 ஏப்ரலிலேயே பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கி, ஆய்வகத்தில் புற ஊதா ஒளியில் சோதிக்கச் செய்து, அதை அம்பலப்படுத்தினார். 2024 மார்ச் 18 அன்று அந்த எண்ணையும் கொடு என்றது நீதிமன்றம். மார்ச் 21 அன்று எண் வெளிவந்தது. ஜூன் வரை ஆகும் என்ற வேலையைப் பத்திரிகைக்காரர்களும் கணினி தெரிந்தவர்களும் சில நாட்களில் முடித்தார்கள். அமலாக்கத் துறைச் சோதனைக்கு ஆளான சில கம்பெனிகள் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை நாடே பார்த்தது.

ஆகவே வெளியிட்டால் மட்டும் போதாது. ஒரு பணம் எங்கே போனாலும் அதே எண் கூடவே போக வேண்டும். எல்லா அலுவலகமும் ஒரே கட்டங்களில் எழுத வேண்டும். கணினி கூட்டிக் கழிக்கக்கூடிய கோப்பாகத் தர வேண்டும். அரசுக்கு இது தெரியாததல்ல. பெரிய கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கை 2011 முதல் எக்ஸ்.பி.ஆர்.எல். என்ற பொது வடிவத்தில் கேட்டு வாங்குகிறது. அதில் ஒவ்வொரு தொகைக்கும் இது சம்பளம், இது லாபம் என்று கணினிக்குப் புரியும் அடையாளம் உண்டு. தன் தகவல்களையும் கணினி படிக்கும் வடிவில் திறந்து வைப்பதாக 2012-ல் கொள்கையே அறிவித்தது. முதலாளியிடம் கேட்கத் தெரிந்த கணக்கை மக்களுக்குக் கொடுக்க மட்டும் ஏன் கை வரவில்லை?

நம்மில் பாதிப் பேர் கட்டட வேலை செய்கிறவர்கள். கட்டுமானச் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்குப் பிடிக்க 1996-ல் சட்டம் வந்தது. வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல், செலவானது சுமார் 9,500 கோடி என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. மிச்சம் யாருடைய பணம்? சித்தாளின் பணம், கொத்தனாரின் பணம்!

ராஜஸ்தான் கிராமத்து மக்கள் 1994-ல் கூலிப் பட்டியலை ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவன் பெயரில் கூலி எழுதியிருந்தது தெரிந்தது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்ற அந்த முழக்கம்தான் வளர்ந்து 2005-ல் தகவல் உரிமைச் சட்டமானது. கேட்காமலே வெளியிட வேண்டியவற்றை அதன் நான்காம் பிரிவு சொல்கிறது.

எனவே ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். நல வாரியத்துக்குத் தகவல் உரிமை மனு போடுவோம். மாவட்டவாரியாக, ஆண்டுவாரியாகக் கேட்போம்: வசூல் எவ்வளவு, பதிவான தொழிலாளர் எத்தனை, அவர்களில் வெளிமாநிலத்தவர் எத்தனை, வழங்கிய உதவி எவ்வளவு, மீதி எவ்வளவு. கட்டங்களை நாமே போட்டுக் கொடுப்போம். தொழிலாளியின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் நமக்கு வேண்டாம்; வெளிச்சம் விழ வேண்டியது வாரியத்தின் மேல், ஏழையின் மேல் அல்ல. நம் சங்கத்தின் வரவு செலவும் இந்த மாதம் முதல் ரசீது எண்ணோடு இந்தச் சுவரில் தொங்கட்டும். கேட்கிறவன் கையில் முதலில் கணக்கு இருக்க வேண்டும்.