ஆட்டுப்பாலுக்குத் தடை இல்லையே!

பால் குடிப்பதில்லை என்று 1912-ல் தென்னாப்பிரிக்காவில் சபதம் எடுத்தார் காந்தி. மாட்டை வதைத்துக் கறக்கிறார்கள் என்று படித்தது ஒரு காரணம். 1918-ல் சீதபேதி வந்து எலும்பும் தோலுமானார். பால் குடித்தால்தான் தேறும் என்றார் டாக்டர். இவர் மசியவில்லை. அப்போது மனைவி கஸ்தூர்பா, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்றார். பாரிஸ்டருக்கே பாயிண்ட்! சபதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தானே? குடித்தார். சபதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரை விட்டுவிட்டேனே என்று சுயசரிதையில் வருந்தியும் எழுதினார்.

எனக்கென்னவோ கஸ்தூர்பா பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஜனவரியில் சபதம் எடுத்து விடிகாலை வாக்கிங் கிளம்பி, ஒருநாள் மழையில் விட்டுப்போனதும் ஷூவைப் பரணில் போடுகிறவர்களே, சாயங்காலம் மொட்டைமாடியில் நடந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?