களைப்பு ஒழுங்கீனம் அன்று

(முழுநேர ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பணிச்சோர்வு என்னும் கருத்தாக்கத்தை 1974இல் ஆய்வுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். அவர் அதனைக் கண்டது, இலவச மருத்துவமனையில் ஏழைகளுக்காக உழைத்த தொண்டர்களிடம். மிகுந்த ஈடுபாடு கொண்டவர்களே அதற்கு எளிதில் ஆளாகின்றனர் என்று அவர் எழுதினார். இயக்க ஊழியர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தி இது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு 11ஆம் பதிப்பு, இதனை நோய் என்று கூறாமல் பணிசார்ந்த நிகழ்வு என்றே வரையறுக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். காரணமாகச் சுட்டப்படுவது, தீர்வு காணப்படாமல் நீடிக்கும் பணியிட நெருக்கடி.

அந்த நெருக்கடியை வளர்ப்பவர் யார்? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என வரம்பிட்டது. 2023இல் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். ஆஷா ஊழியர்களோ "தன்னார்வலர்" என்ற பெயரில், ஊதியமின்றி ஊக்கத்தொகைக்கு உழைக்கின்றனர்; அவர்களது பணிக்கு நேர வரம்பே இல்லை.

சோர்வு முற்றியவரிடம் காணப்படுவது என்ன? அறிக்கை எழுத அமர்ந்தவரால் முதல் வரியைத் தொடங்க இயலவில்லை. பத்து வேலைகளுள் முந்தியது எது எனப் பிரித்தறிய முடியவில்லை. ஒப்புக்கொண்ட தேதி மறந்துபோகிறது. திட்டமிடல், முன்னுரிமை வகுத்தல், நினைவில் இருத்துதல் ஆகிய திறன்களை நீடித்த நெருக்கடி பாதிக்கிறது. ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு இச்சிரமம் சிறுவயது முதலே உண்டு. கிளைக் கூட்டத்திலோ இது "பொறுப்பின்மை" என விமர்சிக்கப்படுகிறது. அந்த அவமானம் அடுத்த வேலையைத் தொடங்கும் அச்சத்தை மேலும் பெருக்குகிறது.

பரிவுடன் கூடிய உளவியல் ஆலோசனை வேறு வழியில் செல்கிறது. வந்தவர் சுமக்கும் பாரத்தை அது முதலில் கேட்டறிகிறது. அவர் சோம்பேறி அல்லர் என்பதை உறுதிப்படுத்துகிறது. பின்னர் பெரிய வேலையைச் சிறு படிகளாகப் பிரிக்கவும், நினைவை நம்பாது எழுதிவைக்கவும், இயலாததை மறுக்கவும், உறக்கத்தை மீட்கவும் துணைநிற்கிறது. இது வசதி படைத்தோருக்கான சலுகை அன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியுள்ளது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

ஆயினும் ஆலோசனை மட்டும் போதாது. தேறிய தொழிலாளி மீண்டும் 12 மணி நேர வேலைக்கே திரும்பினால், மீண்டும் வீழ்வார். எனவே சிகிச்சைக்கான உரிமையும் வேலை நேரக் குறைப்புக்கான போராட்டமும் ஒன்றாகவே எழுப்பப்பட வேண்டியவை.

இக்கோரிக்கையை முதலாளிகளிடம் வைக்கும் இயக்கம், தன் அலுவலகத்திலும் அதைப் பின்பற்றக் கடமைப்பட்டது. ஒரே தோழரிடம் ஐந்து பொறுப்புகள் குவிந்திருப்பின், குழு அவற்றைப் பகிர்ந்தளிக்க வேண்டும். வார ஓய்வு உறுதிசெய்யப்பட வேண்டும். பணி தவறிய தோழரை விமர்சிக்குமுன், குழுச் செயலாளர் அவரைத் தனியே சந்தித்து உடல்நலமும் உறக்கமும் வீட்டு நிலையும் விசாரித்தல் வேண்டும். தேவையெனில் மருத்துவரிடம் உடன் செல்வதும் கட்சிப் பணியே.

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு என்ற மே தின முழக்கம், அதை எழுப்பும் தோழர்களுக்கும் உரியது.